வைக்கோலில் விழப் பழகிய கோல் காப்பாளன்

“வைக்கோல் பாதியாகக் குறைக்கப்பட்டது. இன்றும் தயங்காமல் விழுந்தான்.” 1998 பங்குனி, இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நான் எழுதிய பயிற்சிக் குறிப்பு இது. துணுக்காய்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் உதைபந்தாட்ட அணிக்கு 1991 முதல் 2001 வரை உதவிப் பயிற்றுநராக இருந்தேன். தலைமைப் பயிற்றுநராக ஒருநாளும் இருந்ததில்லை. இருக்க விரும்பியதும் இல்லை.

அந்த ஆண்டு எங்கள் கோல் காப்பாளன் முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவன். கடற்கரை மணலில் விளையாடி வளர்ந்தவன். எங்கள் மைதானமோ காய்ந்து இறுகிய செம்மண். பந்து பக்கவாட்டில் வந்தால் காலை நீட்டுவான், விழமாட்டான்.

“ஏன்ரா விழுறாயில்லை?” என்று கேட்டேன்.

“மணலெண்டா விழுவன் சேர். இதில விழுந்தா எலும்பைப் பொறுக்கித்தான் வீட்டை கொண்டுபோகோணும்.”

தலைமைப் பயிற்றுநர் என்னைத் தனியே அழைத்தார். “ஐசே, இறுதிப் போட்டிக்கு வேற ஆளைப் போடுவம்.”

“ரெண்டு கிழமை தாங்கோ,” என்றேன்.

அறுவடை முடிந்த காலம். பக்கத்து வயற்காரரிடம் வைக்கோல் வாங்கிக் கோலுக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்குப் பரப்பினேன். அதில் விழுந்து பழகினான். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே வந்தேன். ஞாயிறுகளில் தேவாலயப் பூசை முடிந்ததும் நேரே வந்துவிடுவான். வயற்காரர் வேலியில் நின்று கத்துவார்: “மாஸ்டர், உவன் உருண்ட வைக்கோலை என்ர மாடு மணந்து பாத்திட்டுத் தின்னாமல் திரும்புது! பேசாமல் மாட்டையே கோலுக்கை கட்டிவிடுங்கோவன்!”

கடைசி நாள் தரையில் ஒரு துரும்பும் இல்லை. விழுந்தான். முழங்கை உரசியது, எழும்பிச் சிரித்தான். தலைமைப் பயிற்றுநர் மறுபேச்சில்லாமல் அவனை அணியில் சேர்த்தார்.

இறுதிப் போட்டியில் ஒரு கோலால் முன்னிற்கிறோம். முடிகிற நேரத்தில் எதிரணிக்குப் பெனால்டி. பந்து தாழ்வாக இடது மூலைக்குப் போனது. அவன் முழு உடம்பையும் கட்டாந்தரையில் எறிந்து, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். நடுவர் கோல் இல்லை என்றார்.

கிண்ணத்தை வாங்கிய தலைமைப் பயிற்றுநர் நேரே வந்து அதை என் கையில் தந்தார். “பிடியும் ஐசே. உம்மட வைக்கோலுக்கு.” அன்றுபோல் நெஞ்சு நிமிர்ந்து நான் ஒருநாளும் வீடு திரும்பியதில்லை.

ஒன்று மட்டும் பதிவுக்காக. சுண்ணாம்பு கிடைக்காததால் எல்லைக் கோடுகளை உமிச்சாம்பலால் போட்டிருந்தோம். அவன் விழுந்த இடத்தில் கோல் கோடே அழிந்துபோயிற்று. பந்து அதைத் தாண்டிவிட்டது என்று எதிரணிக்காரர் இன்றும் சொல்கிறார்கள். அவனிடமே கேட்டேன்.

“கண்ணை மூடிக்கொண்டெல்லோ விழுந்தனான் சேர்.”

நான் நின்றது மைதானத்தின் மறுகரையில். தாண்டவில்லை என்றே நம்புகிறேன். உறுதிப்படுத்த இதுவரை முடியவில்லை.