மேப்பிள் சரிந்த வருடம்

எங்கள் பின்வளவில் ஒரு பெரிய மேப்பிள் மரம் நின்றது. கனடாவில், ஸ்காபரோவில் மற்றத் தமிழ் வீடுகளில் கத்தரியும் பயற்றையும் காய்த்துத் தள்ள, எங்களிடம் நிழல்தான் விளைந்தது. என் கணவருக்கு அது தீராத மனக்குறை. நான் அங்கே ஹொஸ்டா வைத்தேன், நிழலில் மட்டுமே செழிக்கும் அழகு இலைச்செடி. பச்சை இலைக்கு வெள்ளைக் கரை போட்டது, மஞ்சள் கரை போட்டது, நடுவில் வெள்ளையும் ஓரத்தில் பச்சையுமாக ஒன்று. அந்த நடு வெள்ளைதான் என் செல்லம்.

"கறிக்கும் உதவாது, சாமிக்கும் வைக்கேலாது. உதுக்கு ஏன் இவ்வளவு தண்ணி?" என்பார் அவர். பகிடிதான். ஆனாலும் எனக்குச் சுள்ளென்று ஏறும்.

ஒரு வசந்தகாலக் காற்றில் மரம் சரிந்தது. அதை வெட்டி ஏற்றிக்கொண்டு போன பிறகு வளவு முழுக்க வெயில். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கத்தரிக் கதைதான் வரப்போகிறது என்று நினைத்து, "என்ர கண்டுகளில கை வைச்சியளெண்டால் தெரியும்!" என்று சீறினேன். மனிதர் திரும்பி உள்ளே போய்விட்டார்.

முளை விடும் அந்த நாட்களிலேயே கிளப்பி நிழலுக்கு மாற்றியிருக்க வேண்டும். குனிந்து கிண்ட என் முழங்கால் விடாது. அவரைக் கேட்க ரோஷம் விடவில்லை. கேட்டால் அவர் வென்றதாகிவிடும் என்று ஒரு வீம்பு. குடையை நட்டுப் பார்த்தேன், பழைய சேலையைக் கட்டிப் பார்த்தேன். ஜூலை வெயிலுக்கு அதெல்லாம் எம்மாத்திரம்? இலைகளின் வெள்ளைப் பகுதியெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கியது.

கடைசியில் கேட்டேன். "இஞ்சருங்கோ, இதுகளைக் கிண்டித் தாறியளே? எங்கயாவது நிழலில வைப்பம்."

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கராஜின் பின்புறம் நடந்தார். வெயில் எட்டாத, நான் எட்டியும் பார்க்காத மூலை. அங்கே வரிசையாகக் குழிகள். பக்கத்தில் மழையில் ஊறிப்போன, செடிக்குப் போடும் பசளைப் பை. குழிகளுக்குள் புல் வளர்ந்திருந்தது.

"மரம் விழுந்த கிழமையே கிண்டினனான். சொல்ல வெளிக்கிட, நீர் கத்தினீர். கேப்பீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

புல்லைப் பிடுங்கிவிட்டு எல்லாவற்றையும் நட்டோம். மற்றவை எப்படியோ தப்பிவிட்டன. நடு வெள்ளை அழுகிப்போனது. இன்னொன்று வாங்கி வரவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அன்று அவரை இரண்டு வார்த்தை பேச விட்டிருந்தால் அது இருந்திருக்கும்.