திரியாத பால்

எனக்கு எண்பத்தெட்டு வயது. ஆறு பேரை வளர்த்தேன். ஒருவரையும் யார் வாசலிலும் போய் நிற்க விடவில்லை. ஆனால் மூன்றாவது மகனை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அவன் எங்கள் கரும்புத் தீவில், சாந்த் குருவா ஊரிலிருந்து கப்பலேறி இங்கிலாந்து போனவன். தீவுக்குச் சுதந்திரம் வந்ததற்கு முந்தின வருஷம், அறுபத்தேழு தை மாதம், காவடி எடுக்க லீவில் வந்தான். தெற்கே சுயாக் ஊரில் பெண் பேசியிருந்தோம். பெண்ணின் தாய்மாமன் பஸ் பிடித்து வந்து, உட்கார்ந்ததும் கேட்டார்.

"தம்பி அங்க என்ன வேலை?"

என் மகன் ஒரு கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் ஊற்றி, காயத்துக்குப் போடும் டிஞ்சரும் ஒரு சொட்டு மையும் விட்டான். மேலே மண்ணெண்ணெய் ஊற்றி, மூடிக் குலுக்கி வைத்தான். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் டிஞ்சரை இழுத்துக்கொண்டு ஊதாவாக மேலே நின்றது. மை கீழே தண்ணீரிலேயே கிடந்தது.

"அணு உலையில எரிஞ்ச கம்பியை அமிலத்துல கரைப்பாங்க மாமா. அதுல ஒரு எண்ணெயை விட்டுக் கலக்குவோம். திரும்ப உதவுறது எண்ணெயோட மேல வந்துடும்."

"கீழ நிக்கிறது?"

"அதுதான் பொல்லாத விஷம். தொட்டியில பூட்டி வச்சிருக்கோம். அடுப்பே இல்லாம தானா சூடாகும். நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துலயும் அதைக் காவல் காக்கணும்."

"போன்டியே, கடவுளே!" என்று மாமன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "அப்ப ராத்திரியில மாப்பிள்ளையே வெளிச்சம் குடுப்பாரா? உங்க வீட்டுக்கு விளக்குச் செலவு மிச்சம்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "வாயை அளந்து பேசுங்க அண்ணே. என் பிள்ளை உடம்புல விஷமிருந்தா முருகனுக்குத் தெரியாதா? காவடியன்னிக்கு வந்து செம்பைத் திறந்து பாருங்க. பால் திரிஞ்சிருந்தா உங்க நிச்சயத் தட்டை நீங்களே தூக்கிட்டுப் போங்க."

விரதம் தவறியவன் சுமந்தால் செம்புப் பால் திரிந்துவிடும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. அதற்கு மேல் சாட்சி யாரும் கேட்பதில்லை.

அன்றைக்குத் தார் ரோடு கொதித்தது. என் மகன் அலகு குத்தி, ஆற்றங்கரையிலிருந்து கோயில்வரை சுமந்து வந்தான். மாமன் முன்னாலேயே செம்பைத் திறந்தார்கள். பால் கறந்த மாதிரி இருந்தது. மாமன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து வெற்றிலைத் தட்டை எடுத்து நீட்டினார். நான் கை நீட்டிவிட்டேன்.

அப்போதுதான் இவன் வாயைத் திறந்தான். "மாமா, உடம்புல விஷம் இருக்கான்னு பால் சொல்லாது. அங்க ஒரு மெஷின் இருக்கு, வேலை முடிஞ்சதும் எங்க கையில வச்சுப் பார்ப்பாங்க. விஷம் ஒட்டியிருந்தா கத்தும். சில நாள் என் கையில அது கத்தியிருக்கு. தேய்ச்சுக் கழுவின பிறகுதான் வெளிய விட்டாங்க. பின்னால என்ன வரும்னு எனக்கே தெரியாது. பொண்ணு இதைத் தெரிஞ்சு வரட்டும்."

மாமன் தட்டை மடிப்பக்கம் இழுத்துக்கொண்டார். "தம்பி நல்லவரு. ஆனா எங்க பொண்ணு வேணாம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

"உன்னைப் பொய் சொல்லச் சொன்னேனா? சும்மா இருந்திருந்தா போதுமே!" என்று கத்தினேன்.

"சும்மா இருந்தா அதுவும் பொய்தானம்மா."

கப்பலேறிப் போய்விட்டான். துறைமுகம்வரை போனேன், அவனுக்கு முதுகைக் காட்டி நின்றேன். வெள்ளைக்காரன் வீட்டில் விளக்கெரிய என் பிள்ளையின் கையை எதற்கு ஒரு மெஷின் மோந்து பார்க்க வேண்டும்? அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் அவனிடமே காட்டினேன். அவன் செய்தது சரிதான் என்கிறார்கள். சரியாகவே இருக்கட்டும். அந்தத் தட்டு என் விரலில் பட்டது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

பேத்தி, இங்கே வா. நான் சொல்ல நீ எழுதினதை முதலிலிருந்து படி. நான் கோபப்பட்ட இடத்தில் குரலைத் தாழ்த்திப் படிக்காதே.