பாலத்துக்கு அங்கால் இறக்கப்பட்ட மகள்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இண்டைக்கு லண்டன் இல்ஃபோர்டில் எனக்கு இரண்டு கடை. ஒருத்தரிடமும் போய்க் கைகட்டி நின்றதில்லை. பயம் தெரியாத ஆள் என்று எங்கட சனத்துக்குள் எனக்குப் பெயர். அந்தப் பெயரைப் பரப்பினதே நான்தான் என்று என் மனிசி சொல்லுவா.

கட்டிடக்கலை படிக்கிற மகள் இந்த வருசம் வகுப்போடு டென்மார்க், சுவீடன், பின்லாந்து பார்க்கப் புறப்பட்டாள். அங்கத்தைய நூலகங்களையும் மரவீடுகளையும் பார்த்துப் படம் கீறிக்கொண்டு வரவேண்டுமாம். நான் ஒரு புத்தி சொல்லி அனுப்பினேன்: "பாஸ்போர்ட்டை றூம் லொக்கரில பூட்டி வை. போட்டோக்கொப்பியை மட்டும் கொண்டு திரி." களவாய் எல்லை தாண்ட வைத்த ஏஜென்சிக்காரனிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்ற ஆக்கள் நாங்கள். அசலை லேசில் வெளியில் எடுக்கமாட்டோம்.

மூன்றாம் நாள் பின்னேரம், கடையில் வெண்டிக்காய்ப் பெட்டி இறக்கிக்கொண்டு நிற்கிறேன், போன் வந்தது.

"அப்பா, பொலிஸ் என்னை ரயிலில இருந்து இறக்கிப்போட்டாங்கள்."

கோப்பன்ஹேகனில் இருந்து கடற்பாலத்தால் சுவீடனுக்குப் போகிற ரயில். பாலம் தாண்டின முதல் ஸ்டேஷனில் பாஸ்போர்ட் கேட்டிருக்கிறார்கள். இவள் போட்டோக்கொப்பியை நீட்டியிருக்கிறாள்.

"டீச்சர் கொண்டுவரச் சொன்னவ. நீங்கள்தான் வேண்டாம் எண்டனீங்கள்."

"வாயைத் திறக்காதே! எங்கையிருந்து வந்தனீ எண்டு கேட்டாலும் சொல்லாதே. ஒண்டிலயும் கையெழுத்து வைக்காதே!"

"அப்பா, நான் லண்டனிலதானே பிறந்தனான்..."

போன் அறுந்துவிட்டது.

என் வாயில் வந்தது ஏஜென்சிக்காரன் எனக்குச் சொல்லித்தந்த வசனம். இருபத்தொரு வயதில் ஜெர்மன் எல்லையில் அதையே பிடித்துக்கொண்டு நாலு நாள் ஓர் அறைக்குள் மரவாங்கில் இருந்தேன். சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, தூக்குப் போட்டிடுவேன் என்று கயிற்றை உருவி எடுத்தார்கள். இப்போது அந்த வாங்கில் மகள் இருக்கிறாள். திரும்பத் திரும்பப் போன் அடித்தேன், அவள் எடுக்கவில்லை. அரிசி மூட்டையில் இருந்துவிட்டேன். "அண்ணை, குத்தரிசி என்ன விலை?" என்று ஒருவர் கேட்டார். நான் திரும்பவும் அவளின் நம்பரையே அழுத்தினேன்.

அரை மணித்தியாலத்தால் அவளே எடுத்தாள்.

"பிள்ளை, அடிச்சவங்களோ?"

"என்ன கேக்கிறியள்? அந்தப் பொலிஸ் அக்கா எனக்குக் கதிரை தந்தவ. டீச்சரும் பக்கத்தில நிக்கிறா. லொக்கரில இருக்கிற பாஸ்போர்ட்டை எடுக்க நாங்கள் ரெண்டு பேரும் கோப்பன்ஹேகனுக்குத் திரும்பப் போறம்."

"சப்பாத்து?"

"சப்பாத்துக்கு என்ன?"

"கழட்டச் சொன்னவங்களோ?"

"இல்லையே."

பிறகு மெல்லக் கேட்டாள். "அப்பா, உங்களைக் கழட்டச் சொன்னவங்களோ?"

வீட்டில் நான் வென்ற கதைகளை மட்டும்தான் சொல்லி வளர்த்தேன். அந்த அறையைப் பற்றி மனிசிக்கும் தெரியாது. பொலிஸ் மகளைப் பிடித்தது என்றதைவிட இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு வியர்த்தது.

"ஓம்," என்றேன்.

அந்தப் பக்கம் ரயில் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"பிள்ளை, ஏறு. பிறகு கதைப்பம்."

"அடுத்ததில போறன், அப்பா. நீங்கள் சொல்லுங்கோ."