ஸ்பாஞ்சைக் கொளுத்திப் பார்த்தேன்

என் வாடகை அறையில் கதை வாசித்துப் பதிவு செய்தால், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல எதிரொலிக்கிறது. எதிரொலியை அடக்கச் சுவரில் மாட்ட நானே பேனல் செய்யலாம் என்று, ஷிப்ட் முடிந்ததும் ஒரகடத்தில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனேன்.

கம்பெனிகள் கழித்த பேக்கிங் ஸ்பாஞ்ச் அங்கே மலையாகக் கிடந்தது.

"சவுண்டு நல்லா அமுங்கும், எத்துகினு போ" என்றார் கடைக்காரர்.

நான் வேலை செய்யும் தொழிற்சாலை லைனில் சோதிக்காமல் எந்தப் பொருளையும் உள்ளே விடமாட்டோம். அந்தப் பழக்கத்தில் ஒரு சின்னத் துண்டைச் சாலையோரம் கொண்டுபோய் லைட்டரைக் காட்டினேன்.

குப்பென்று பிடித்துக்கொண்டது. எரிந்தபடியே உருகிச் சொட்டியது. திடீரென்று காற்று திரும்ப, எரிகிற துணுக்கு ஒன்று குவியலை நோக்கிப் பறந்தது. இருவரும் ஓடிப்போய் மிதித்து அணைத்தோம்.

திட்டப்போகிறார் என்று நின்றேன். அவரோ செருப்பில் ஒட்டிய கறுப்புப் பிசினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாபா இப்டி எரியுது?"

"சில ஸ்பாஞ்ச் இப்படித்தாண்ணே எரியும். அதான் கொளுத்திப் பார்த்தேன்."

"மேலதான் எங்க வூடு. ஷீட்டு சூடு எறங்கக் கூடாதுன்னு கூரைக்கு அடியில முழுக்க இத்ததான் ஒட்டி வச்சிருக்கேன்."

மேலே குக்கர் விசில் அடித்தது.

என் பேனலுக்கு, பாய்லர் குழாயில் சுற்றும் ராக் வுல் போதும், அது தீப்பிடிக்காது. இப்போது அவர் வீட்டு ஏணியில் நின்று ஸ்பாஞ்சைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். கீழே அவர் ஏணியைப் பிடித்திருக்கிறார்.

வெயிலுக்கு இங்கே வேறு என்ன ஒட்டலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கொளுத்திப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.