நான் கழுவிய வேர்

என் ஓரகத்திக்குச் செடி வளர்க்கத் தெரியாது. பொறாமையில் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் பொறாமையில்தான் சொல்கிறேன்.

என் கணவரின் தம்பி மனைவி அவள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், கரோல் பாகில் குடியிருக்கிறாள். அவள் வீட்டுத் துளசி வருடத்துக்கு இரண்டு முறை காயும். ஒவ்வொரு முறையும் சரோஜினி நகரில் இருக்கும் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து என்னிடம்தான் புதுக் கன்று வாங்கிப் போவாள். கொடுக்கும்போது எனக்கு உள்ளுக்குள் இனிக்கும். மற்ற எல்லாவற்றிலும் அவள் கை ஓங்கியிருந்தது. அவள் பொரிக்கும் பூரி உப்பும், அவள் பிள்ளைகள் முதல் மார்க் வாங்கும், மாமியார் போன் செய்தால் முதலில் அவளிடம்தான் பேசுவார். செடிகள் மட்டும் என் கட்சியில் இருந்தன.

இரண்டு வருடத்துக்கு முன்னால், பரீட்சைகள் முடிந்த மார்ச்சில், இரண்டு குடும்பமும் உத்தராகண்ட் மலைக்குப் போனோம். தங்கிய வீட்டுக்குப் பின்னால் ஓக் மரக் காடு. பாஞ்ச் என்கிறார்கள் அங்கே. கிளம்பும் அன்று வீட்டுக்காரர் ஒரு பெரிய மரத்தடியிலிருந்து இரண்டு கன்றுகளை மண்ணோடு பெயர்த்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, ஆளுக்கு ஒன்று கொடுத்தார். டெல்லி சூட்டுக்கு இது பிழைப்பது கஷ்டம் என்றும் சொன்னார். யாருடையது பிழைக்கிறது பார்க்கலாம் என்று நான் அப்போதே மனதுக்குள் பந்தயம் கட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தேன். மக்கிய இலையோடு கறுப்பு மண். வேர் நுனிகளில் பஞ்சு போல வெள்ளை நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊறுகாய் ஜாடியில் அப்படி ஒன்றைப் பார்த்தால் ஜாடியையே வெந்நீரில் போட்டுத் தேய்க்கிறவள் நான். பக்கெட்டில் மூன்று தண்ணீர் மாற்றி வேரைக் கழுவினேன். எங்கள் வீட்டில் வெட்டுக்காயம் முதல் வாழைக்கன்று வரை எல்லாவற்றுக்கும் மஞ்சள்தான். அதனால் மஞ்சள் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்தேன். பிறகு சலித்த செம்மண்ணும் சாண எருவும் போட்ட புதுத் தொட்டியில் நட்டேன்.

அவள் என்ன செய்தாள் என்பது குடும்ப வாட்ஸ்அப்பில் வந்தது. பையைக் கிழித்து, மண்ணுருண்டையை அப்படியே ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் இறக்கியிருந்தாள். டப்பாவின் வெளிப்பக்கம் பெயிண்ட் வழிந்த கறைகூடப் போகவில்லை. போட்டோவைக் கணவரிடம் காட்டிச் சிரித்தேன்.

மே மாதம் என் செடியின் இலைகள் ஓரம் கருகி ஒவ்வொன்றாக உதிர்ந்தன. குரூப்பில் கேட்டவர்களிடம் நன்றாக இருக்கிறது என்று எழுதினேன். அந்த மாதமே அவள் மகன் பிறந்தநாளுக்குக் கரோல் பாக் போனோம். பால்கனியில் பெயிண்ட் டப்பா. ஒரு சாண் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது செடி. ஏழு இலை, ஒன்றில்கூடக் கருகல் இல்லை. அன்று சாப்பிட்ட புலாவ்கூடச் செரிக்கவில்லை.

அவள் அடுப்படியில் இருந்தாள். நான் டீ ஸ்பூனால் டப்பா மண்ணை ஓரமாகத் தோண்டிப் பார்த்தேன். அதே வெள்ளை நூல், வேரைச் சுற்றி வலை பின்னியிருந்தது. எனக்கு வந்தது சந்தோஷம்தான். இதுவும் அழுகத்தான் போகிறது, ஒரு மாதம் முன்னே பின்னே ஆகலாம், அவ்வளவுதான். மண்ணை மூடினேன். அவள் டீயோடு வந்து நின்றாள்.

"பாத்தீங்களா அக்கா? எப்படி இருக்கு?"

மஞ்சள் வைத்தியம் நாக்கு நுனிவரை வந்தது. "ம், இருக்கு" என்று சொல்லி டீயைக் குடித்தேன். ஜூன் முழுவதும் வாரம் தவறாமல் போன் செய்து செடியை விசாரித்தேன். எனக்கு இத்தனை அக்கறையா என்று கணவருக்கு ஆச்சரியம்.

ஜூலை மழைக்கு அவள் செடி கொத்தாகத் துளிர்விட்டது. என்னுடையதில் மீதி இரண்டு இலை. அலுவலகத்தில் மலைக்காரர் ஒருவர் இருக்கிறார், பக்கத்து மேசை. மதியச் சாப்பாட்டின்போது அவரிடம் போட்டோவைக் காட்டினேன். வேரைக் கழுவினீர்களா என்றுதான் முதலில் கேட்டார்.

அந்த வெள்ளை நூல் ஒரு பூஞ்சையாம். வேர் எட்டாத இடத்திலிருந்தெல்லாம் தண்ணீரும் உப்பும் உறிஞ்சி மரத்துக்குக் கொடுக்குமாம். மரம் இலையில் செய்யும் சர்க்கரையில் ஒரு பங்கை அதற்குக் கொடுக்குமாம். ஒன்றை விட்டு ஒன்று பிழைப்பது கஷ்டம். அவர்கள் ஊரில் பாஞ்ச் கன்று நட்டால் பழைய மரத்தடியிலிருந்து ஒரு கை மண் கொண்டுவந்து குழியில் போட்டுத்தான் நடுவார்களாம். நான் அதைத்தான் மூன்று தண்ணீரில் அலசிச் சாக்கடைக்கு அனுப்பியிருந்தேன். இந்த டெல்லியில் அந்த மண் ஒரே ஒரு டப்பாவில்தான் இருந்தது.

நாலு நாள் மனதோடு மல்லுக்கட்டினேன். அதற்குள் இன்னொரு இலை உதிர்ந்தது. சனிக்கிழமை மெட்ரோ ஏறினேன்.

"உன் டப்பாவிலேர்ந்து ஒரு கை மண்ணு வேணும்" என்றேன். முகத்தைப் பார்க்கவில்லை.

"மிட்டிதானே? எடுத்துக்கோங்க அக்கா." ஏன் என்றுகூடக் கேட்காமல் உட்கார்ந்து கையாலேயே தோண்ட ஆரம்பித்தாள். வெள்ளை நூல் மேலே வந்தது. அதைத் தொட்டுக் காட்டினாள்.

"இதைப் பாத்து ஆரம்பத்துல ரொம்ப பயந்துட்டேன். பூசணம்னு நினைச்சேன். உங்களை மாதிரி மஞ்சத் தண்ணியில கழுவிடலாம்னு பொடியைக்கூட எடுத்து வெச்சேன். அப்பதான் பிறந்தநாளுக்கு வந்தீங்க. நீங்க தோண்டிப் பாத்ததை ஜன்னல் வழியா பாத்தேன். பாத்துட்டு ஒண்ணுமே சொல்லலை."

"ஆமா."

"தப்பா இருந்தா அக்கா சொல்லாம போக மாட்டாங்கன்னு அப்படியே விட்டுட்டேன்."

அவள் பையில் மண்ணை நிரப்பிக்கொண்டே இருந்தாள். அவள் செடியின் மெல்லிய வேர்கள் இரண்டு மூன்று அறுந்து அதோடு வந்தன. போதும் என்றேன், கேட்கவில்லை.

திரும்பும் வழியில் ராஜீவ் சௌக்கில் ரயில் மாறும்போது கூட்டம். பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து தொட்டி மண்ணைப் பறித்து வேரோரம் அதைப் போட்டேன். செப்டம்பரில் ஒற்றை இலைக்குப் பக்கத்தில் ஒரு துளிர் வந்தது. போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டேன், முதல் ஆளாக அவள்தான் கைதட்டினாள்.

அன்று ஏன் சொல்லாமல் இருந்தேன் என்பதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. பொறாமையும் தீரவில்லை. செடி மேல் இப்போது இல்லை. என்னை அப்படி நம்ப அவளால் முடிந்ததே, அதன் மேல்தான்.