கடைசி வெட்டில் யாரும் பேசுவதில்லை

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய காதிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் பட்டறையில் அவருக்குப் பெயரே 'காது'தான். "காது வந்துட்டாரா?", "காது சாப்பிடப் போயிருக்கார்" என்றுதான் பேசிக்கொள்வார்கள். புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் நாள் திருதிருவென்று விழிப்பார்கள், மறுநாள் அவர்களும் அப்படியே கூப்பிடுவார்கள். எனக்கு அவர் அத்தான். நான் தலைக்கு மேலே கிரேன் ஓட்டுகிற மச்சினி. "உன்னை அண்ணாந்து பாத்தே என் கழுத்து சுளுக்கிக்கிச்சு" என்பார். "கொடுத்து வச்ச கழுத்து" என்பேன்.

அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். பொம்பளைக்குக் கிரேனா என்று வீட்டில் ஆளுக்கொரு பக்கம் குதித்தார்கள். அவர் ஒரே ஒரு பேச்சுப் பேசினார்: "அவ கண்ணு தப்பாது. நான் கீழ நிப்பேன், என் தலைக்கு மேல அவ சுமை தூக்கட்டும்." அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும் இன்று வரை அவர் தலைக்கு மேல் எதையும் ஆட விட்டதில்லை.

பட்டறை என்றதும் நாலு லேத்தும் ஒரு டீக்கடை ஸ்டூலும் என்று நினைத்துவிட வேண்டாம். விமானத்தின் இறக்கையை உடம்போடு பிணைக்கிற பெரிய சட்டங்களை இங்கேதான் கடைகிறோம். முழு டைட்டானியம். அடித்து உருட்டிய கட்டியாக வரும், ஆர்டர் கொடுத்து ஒரு வருஷம் கிட்டக் காத்திருந்தால்தான் ஒன்று வரும். அதை நான் தூக்கிக் கொண்டுபோய் ஒரு வீட்டளவு இருக்கிற இயந்திரத்தின் படுக்கையில் வைப்பேன். அத்தான் இறுக்கிக் கட்டுவார். பிறகு வாரக்கணக்கில் கடைசல். கட்டியில் முக்கால்வாசிக்கு மேல் சீவலாகப் போய்விடும். மிஞ்சுவது நாலு வளைவும் மெல்லிய சுவர்களுமாக ஒரு சட்டம்.

இயந்திரத்தை ஓட்டுவது கம்ப்யூட்டர்தானே, மனுஷனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கிறவர்கள் உண்டு. டைட்டானியத்தை வெட்டும்போது எழுகிற சூடு உலோகத்துக்குள் ஓடிக் கரையாது. கட்டரில் பல் மாதிரி இருக்கிற டிப்பின் நுனியிலேயே நிற்கும். டிப் மூளியாகிவிட்டால் அது வெட்டுவதை விட்டுவிட்டுத் தேய்க்க ஆரம்பிக்கும். தேய்த்த இடத்தில் உலோகத்தின் தோல் கெட்டுவிடும். பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும், அளந்தால் அளவும் சரியாக இருக்கும். ஆனால் ஆகாயத்தில் வருஷக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து, விரிசல் விடுவது அந்த இடத்தில்தான். கடைசி வெட்டு மிக மெல்லிசு என்பதால் இயந்திரத்தின் சுமையைக் காட்டுகிற மீட்டரும் அசைந்து கொடுக்காது. சத்தம் ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். நன்றாக வெட்டும்போது தடித்த குரலில் ஒரு முனகல் வரும், டிப் போனால் அடியில் ஒரு கீச்சு சேரும். அந்தக் கீச்சை எங்கள் எல்லாரையும்விட முன்னால் பிடித்து இயந்திரத்தை நிறுத்தியவர் அத்தான். ஒரு தடவை அல்ல, எத்தனையோ தடவை.

அதனால்தான் எங்கள் கூடத்தில் அந்த வழக்கம் வந்தது. கடைசி வெட்டு என்று அவர் கையைத் தூக்கினால் மற்ற இயந்திரங்கள் நிற்கும். சுத்தியல், காற்றுக் குழாய், பேச்சு, எல்லாம் நிற்கும். வெட்டை நடுவில் நிறுத்தினால் சுவரில் வடு விழும், வடு விழுந்தால் சட்டமே வீணாகலாம். ஆகவே நிறுத்துவதா வேண்டாமா என்பதை ஒருவர்தான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும்.

இப்போது அக்காவுக்கு மட்டும் தெரிந்திருந்த சங்கதிக்கு வருகிறேன். அத்தானுக்குக் காது போய்க்கொண்டிருந்தது.

முதலில் போனது மெல்லிய உயர்ந்த சத்தங்கள். வாசல் மணி அடித்தால் அவர் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அக்கா கண்டுபிடித்து, கெஞ்சி, பிறகு திட்டவும் ஆரம்பித்தாள். "சொல்லித் தொலைங்களேன், உசிரா போயிடும்?" அவருக்கு உசிர்தான் போகும் போலிருந்தது. காது பரிசோதனையில் தேறாதவரைப் பெரிய இயந்திரத்தில் விட மாட்டார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். அவரோ பரிசோதனை அறையின் கண்ணாடியில் டாக்டரம்மாவின் விரல் பொத்தானை அழுத்துகிற நிழலைப் பார்த்துப் பார்த்தே கையைத் தூக்கித் தேறிவிட்டார். "இந்தச் சட்டம் முடியட்டும், சொல்லிடறேன்" என்பார். ஒரு சட்டம் முடிந்தால் அடுத்த சட்டம் வந்துவிடும்.

எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்கலாம். கிரேன்காரிக்கும் கீழே நிற்கிறவருக்கும் நடுவே பேச்சே கிடையாது, எல்லாம் கைஜாடைதான். வீட்டிலோ அவர் முன்பும் அதிகம் பேசாத மனுஷன். சமீபமாக என் ஜோக்குகளுக்கு எல்லாம் தவறாமல் சிரித்துக்கொண்டிருந்தார். ஜோக் அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நானும் மடச்சி மாதிரி நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கடைசி வெட்டு. மறுநாள் காலையில் விமானக் கம்பெனி ஆட்கள் சட்டத்தை எடுத்துப்போக வருவதாக ஏற்பாடு. மேனேஜர் நகத்தைக் கடித்துக்கொண்டு தன் அறை வாசலில் நின்றார். அத்தான் கையைத் தூக்கினார். கூடம் அடங்கியது. நான் மேலே கிரேன் கேபினின் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன்.

முதல் வளைவு, இரண்டாவது வளைவு. தடித்த முனகல் சீராக வந்தது. மூன்றாவது வளைவில் கட்டர் திரும்பும்போது எனக்கு அது கேட்டது. அடியில் மெல்லிய கீச்சு, விட்டு விட்டு வந்தது. பிரமையோ என்று நினைப்பதற்குள் விடாமல் வர ஆரம்பித்தது.

கீழே அளவு பார்க்கிற அம்மா சட்டென்று தலையை நிமிர்த்தினார். பக்கத்து இயந்திரத்து ஃபிட்டர் கையிலிருந்த துணியை இறுக்கிப் பிடித்தார். அப்புறம் அவர்கள் செய்ததும் நான் செய்ததும் ஒன்றுதான். மூன்று பேரும் அத்தானைப் பார்த்தோம். அவர் ஒரு கையை இயந்திரத்தின் பொத்தான் பலகையில் ஊன்றி, கண்ணை வெட்டில் வைத்து, அசையாமல் நின்றார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. காதே சும்மா இருக்கிறார் என்றால் நாம் யார்? ஃபிட்டர் துணியைத் தளர்த்தினார். அந்த அம்மா மறுபடி குனிந்துகொண்டார். நான் என் பயத்தை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலாவது வளைவு முடிகிற வரை கீச்சு நிற்கவில்லை. யாருக்காக அவ்வளவு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோமோ, அவர் ஒருவருக்குத்தான் அது கேட்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் மேல் பாதி, எங்கள் மேல் பாதி.

இயந்திரம் நின்றது. அத்தான் கதவைத் திறந்து கட்டரை எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு டிப்பின் மூலை இல்லை.

மேனேஜர் ஓடி வந்தார். அளவு பார்க்கிற அம்மா சட்டத்தை அங்குலம் அங்குலமாக அளந்து, "அளவெல்லாம் சரியா இருக்கு சார்" என்றார். மேனேஜர் கெட்டவர் அல்ல. பாவம், தலைக்கு மேல் வெள்ளம். கேபின் ஜன்னலுக்கு நேர் கீழே நின்று பேசியதால் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"டிப் எப்ப போச்சு? கடைசி முனையிலன்னா அந்த ஒரு இடத்தை மட்டும் தேச்சுச் சரி பண்ணி அனுப்பிடலாம். முன்னாடியே போயிருந்தா மொத்தச் சட்டத்தையும் நிறுத்தி வைக்கணும். உங்களுக்குக் கேட்டிருக்குமே. கடைசியிலதானே?"

அத்தான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க சார்."

மேனேஜர் திரும்பவும் சொன்னார். அத்தான் 'ஆமா' என்று தலையை ஆட்டினால் போதும். காது சொன்னால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. காலையில் சட்டம் போய்விடும். இயந்திரமும் அவருடையதாகவே இருக்கும்.

அத்தான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "எனக்குக் கேக்கல சார்."

மேனேஜர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "உங்களுக்கே கேக்கலன்னா ஒண்ணுமே ஆகலன்னு அர்த்தம். கட்டரை வெளிய எடுக்கறப்பதான் மூலை போயிருக்கு. அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார். அத்தான் சொன்ன உண்மை அவர் கண் முன்னாலேயே பொய்யாகப் போய்க்கொண்டிருந்தது. அப்படியே விட்டிருந்தாலும் பொய் சொன்னவர் என்று யாரும் அவரைச் சொல்லியிருக்க முடியாது.

"சார்!" அத்தான் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "சத்தம் வரலன்னு நான் சொல்லல. வந்துச்சா இல்லையான்னே எனக்குத் தெரியாது. எனக்குக் காது போயிடுச்சு. ரொம்ப நாளாவே சரியா கேக்கறதில்ல. நீங்க இப்ப பேசறதைக்கூட வாயைப் பாத்துத்தான் புரிஞ்சுக்கறேன்."

ஃபிட்டர் ஏதோ சிரிக்க வந்து, சிரிக்காமல் விட்டுவிட்டார். அத்தான் எங்கள் பக்கம் திரும்பினார். தொப்பியைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "உங்கள்ல யாருக்காவது கேட்டுச்சா?"

நான் ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தேன். அவர் முன்னால் போய் நின்று, அவருக்குத் தெரிகிற மாதிரி வாயை நன்றாகத் திறந்து சொன்னேன். "மூணாவது வளைவு திரும்பறப்பவே கேட்டுச்சு."

"எனக்கும்" என்றார் ஃபிட்டர். அளவு பார்க்கிற அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தார்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க சும்மா நின்னீங்களே, அத்தான்."

அவர் இயந்திர மேடையின் படியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

சட்டம் மறுநாள் போகவில்லை. சோதனைக் கூடத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. மூன்றாவது வளைவிலிருந்து கடைசி வரை தோல் கெட்டிருக்கிறது, விமானத்துக்கு உதவாது என்று சொல்லிவிட்டார்கள். மேனேஜர் அத்தானைத் திட்டினார், பரிசோதனையில் ஏமாற்றியதற்கு எச்சரிக்கையும் கொடுத்தார். திட்டின அன்று சாயங்காலமே அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டு, அக்காவிடம், "இவர் மட்டும் ஆமான்னு சொல்லியிருந்தா நான் அனுப்பியிருப்பேம்மா" என்று சொல்லிவிட்டு டீ கூடக் குடிக்காமல் போனார்.

பெரிய இயந்திரத்துக்கு வேறு ஆள் வந்தார். வழக்கமும் மாறியது. கடைசி வெட்டில் இப்போதும் கூடம் அடங்கும், ஆனால் யாருக்குக் கீச்சு கேட்டாலும் கூச்சல் போடலாம். நான் இரண்டு தடவை போட்டுவிட்டேன். ஒன்று பொய்க் கூச்சல், அதற்காக யாரும் என்னைக் கடித்துக் குதறவில்லை. அத்தான் வீட்டில் காதுக் கருவி போட்டுக்கொள்கிறார். என் ஜோக்குகளுக்கு இப்போதெல்லாம் சிரிப்பதில்லை.

பட்டறையில் அவருக்குக் கிடைத்தது சங்கிலி மாட்டுகிற வேலை. சுமையைக் கட்டி, சங்கிலி வழுக்கிச் சத்தம் வருகிறதா என்று கவனித்து, எனக்குக் கீழே நின்று கைஜாடை காட்ட வேண்டும். சம்பளமும் மரியாதையும் ஒரு படி கீழே. அதில் அவர் முதலில் கட்டியது, சிவப்பு பெயிண்டில் குறுக்கே கோடு போட்டு மூலையில் நிறுத்தியிருந்த அந்தச் சட்டம்தான். கழிவு உலோகத்தோடு போட வெளியே கொண்டுபோக வேண்டும்.

சங்கிலியை இறுக்கினேன். அத்தான் உள்ளங்கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். சட்டத்தின் அருகே போய் மூன்றாவது வளைவில் கையை வைத்துக்கொண்டு நின்றார். யாரும் சொல்லாமலே கூடத்தில் ஒவ்வொரு இயந்திரமாக நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளக் கையில்லை, இரண்டும் லீவரில்.

பிறகு அவர் விலகி வந்து, எனக்குத் தெரிகிற இடத்தில் நின்று, அண்ணாந்து பார்த்து, கூடமே கேட்கும்படி உரக்கக் கேட்டார்.

"மச்சினி, சங்கிலியில சத்தம் ஏதாவது வருதா? எனக்குக் கேக்காது, நீதான் சொல்லணும்."

நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒன்றும் வரவில்லை. ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, இல்லை என்று ஆட்டினேன். அவர் விரலை மேலே சுழற்றினார். நான் தூக்கினேன்.