பாப்பாத்தியின் வலக்கை

போன கிழமை நுவரெலியா ஆஸ்பத்திரியில் என் கையின் மாவுக்கட்டை அறுத்தெடுத்த இளம் டொக்டரம்மா, "உள்ளங்கைய மேல திருப்புங்க ஐயா" என்றார். திருப்பினேன். "பிறகென்ன, நல்லாத் திரும்புதே" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். எனக்கோ மூக்கில் கருவாட்டு வாடை.

கருவாடு எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். பஜாரில் முஸ்லிம் நானா ஒருவரின் கடையில், கருவாடு சுற்றித் தரும் காகிதங்களுக்கு நடுவே, கை வரையக் கற்றுத்தரும் இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கிடைத்தது. மேல்கை ஓர் உருளை, முன்கை ஒரு சுரைக்காய், மணிக்கட்டு தீப்பெட்டி. அவ்வளவுதான் மனிதக் கை என்றது அது. முன்கைக்குள் இரண்டு எலும்பு. உள்ளங்கை மேலே பார்த்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், கவிழ்த்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். இதைப் படித்த இரண்டாம் நாளே நான் பெரிய ஓவியன். அந்த மண்டைக்கனத்தை இப்போது நினைத்தாலும் காறித் துப்பத் தோன்றுகிறது.

வரைய ஒரு கை வேண்டுமே? பக்கத்து லயத்தில், தொழிலாளர் வரிசைவீடுகளில், கொழுந்து பறிக்கும் பாப்பாத்தி வேலைக்குப் போகாமல் இருந்தாள். மழையில் மலைச்சரிவில் வழுக்கி விழுந்து வலக்கை முறிந்து, தோட்டத்து டொக்டரய்யா கட்டுப் போட்டு அவிழ்த்திருந்தார். டொக்டரய்யா என்பது சும்மா மரியாதைக்கு. மருந்து கலக்க மட்டும் படித்தவர். எல்லா வியாதிக்கும் ஒரே சிவப்புத் தண்ணீர். அந்த மகராசன் போட்ட கட்டில் எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது.

"அந்தப் பக்கம் திரும்பாதுங்க வாத்தியாரய்யா" என்றாள்.

"பரவாயில்ல, அத நான் புத்தகத்தப் பாத்துத் திருப்பிக்கிறேன்."

கவிழ்ந்த கை ஒன்று, மல்லாந்த கை ஒன்று. கீழே 'பாப்பாத்தியின் வலக்கை' என்று கொட்டை எழுத்தில் வேறு எழுதினேன். "அச்சு அசலா அவ கையேதான்!" என்றார் டொக்டரய்யா. பல்லை இளித்துக்கொண்டு அவருக்கே கொடுத்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டினார்.

பறித்த கொழுந்தைத் தோளுக்கு மேலே கூடைக்குள் எறிய உள்ளங்கை திரும்ப வேண்டும். அவளுக்குத் திரும்பாது. பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தரும்படி தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் கேட்டாள். தன் கட்டுத்தான் பிழை என்று டொக்டரய்யா ஒத்துக்கொள்வாரா? நடிக்கிறாள் என்றார். சாட்சிக்கு என் படத்தைத் துரையின் மேசையில் வைத்தார். என்னையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்.

"வாத்தியார், இது இவளப் பாத்து வரைஞ்சதுதானே?" என்றார் டொக்டரய்யா.

பாப்பாத்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு எங்கே உறைத்தது? துரை கையில் என் படம் அல்லவா இருந்தது! "ஆமாங்க" என்றேன்.

அவளை மறுபடி கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பினார்கள். எறிந்த கொழுந்தில் பாதி தரையில் விழுந்தது. இரண்டே மாதத்தில் வேலைப் பதிவில் அவள் பேரை வெட்டி, லயத்துக் காம்பராவையும் பிடுங்கிக்கொண்டார்கள். நல்லதண்ணிப் பக்கம் போனதாகக் கேள்வி. நான் போய்த் தேடவில்லை.

இப்போது அந்த லயம் இல்லை. ஆஸ்பத்திரி மாட்டுக் கொட்டிலாகிவிட்டது. துரை கப்பலேறிவிட்டார், டொக்டரய்யா செத்துப்போனார், படத்தைக் கறையான் தின்றிருக்கும். "இல்லீங்க, அது புத்தகத்துக் கை" என்று சொல்ல இன்று எனக்குத் தைரியம் வந்திருக்கிறது. கேட்கத்தான் ஒருவரும் இல்லை.